தூசி மூணாவது சிலிண்டரை மட்டும் தேடிப் போகுமா? – எனக்கு வண்டி வித்த டீலர் அண்ணனுக்கு ஒரு திறந்த மடல்

டீலர்ஷிப் முதலாளி அண்ணனுக்கும், அவங்களுக்கு மேல கௌடெங் மாகாணத்துல உக்காந்து க்ளெய்ம் பாக்குற வாரண்டி ஆபீஸ்காரங்களுக்கும்,

என் பக்கி உங்க யார்டுல எஞ்சின் பிரிச்சபடி நின்னு இன்னிக்கோட 37 நாள் ஆச்சு. (ஊர்ல பக்கின்னா திட்டுற வார்த்தைன்னு சொல்றாங்க, இங்க சவுத் ஆப்பிரிக்கால அது பிக்கப் வண்டி, எங்க குடும்பத்துக்கு சோறு போடுற வண்டி.) இங்கிலீஷ்ல நாலு ஈமெயில் போட்டேன், நாலுக்கும் வாரண்டி கிடையாதுன்னு ஒரே பதில், ஒரு கமா கூட மாறல. அதனால இப்ப தமிழ்ல எல்லாரும் பாக்குற மாதிரி எழுதறேன். நீங்க தமிழ் படிப்பீங்கன்னு தெரியும்ணே, காவடி அன்னிக்கு கோயில்ல தேவாரத்தை புக் பாத்து தப்பில்லாம வாசிச்சீங்க, நான் கீழ நின்னு கேட்டுட்டு இருந்தேன். கௌடெங் ஆபீஸ்காரங்களுக்கு நீங்களே இங்கிலீஷ்ல சொல்லிக்குங்க.

நடந்தது இதுதான். 2022ல உங்க ஷோரூம்ல புது டீசல் பக்கி எடுத்தேன், 5 வருஷம் இல்லன்னா 100,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் வாரண்டி. கையெழுத்து போடுற அன்னிக்கு உங்க சேல்ஸ்மேன் அந்த வாரண்டி புக்கை கையில வச்சு தட்டி தட்டி காட்டினாரு, "அங்கிள், எஞ்சின பத்தி நீங்க கவலைப்படவே வேணாம்"னு. 60,000 வரைக்கும் சர்வீஸ் பிளான், அத்தனை சர்வீஸும் உங்ககிட்டயேதான், ஒண்ணு கூட லேட் இல்ல. பிளான் முடிஞ்சதும் 70,000 சர்வீஸும் 80,000 சர்வீஸும் டர்பன் ஜேக்கப்ஸ் ஏரியால டீசல் வொர்க்ஷாப் வச்சிருக்குற எங்க மாமாகிட்ட பண்ணேன், ஏன்னா உங்க ரேட்ல எனக்கு கட்டல, உள்ளதை சொல்றேன். 80,000ல மாமா ஏர் ஃபில்டர் மாத்தினாரு, அது உங்க கம்பெனி பெட்டியில வந்த ஃபில்டர் இல்ல, ஆஃப்டர்மார்க்கெட், அதாவது வேற கம்பெனி செஞ்சது, ஆனா இதே மாடலுக்கு, இதே சைஸ்ல செஞ்ச பேப்பர் ஃபில்டர். பில்லு இருக்கு, அதுல பார்ட் நம்பர், கிலோமீட்டர், தேதி எல்லாம் இருக்கு.

84,000 சொச்சத்துல ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியால இருக்குற பொண்ணுக்கு சீமந்தம்னு நானும் சம்சாரமும் கிளம்பினோம். பின்னாடி வாழை இலை, காட்ரா பீன்ஸ் ரெண்டு மூட்டை, கருவேப்பிலை, அவ்வளவுதான் லோடு. மூயி ரிவர் டோல் தாண்டுறவரைக்கும் ஒரு குறையும் இல்ல. வான் ரீனன்ஸ் பாஸ் மலை ரோடு ஏறும்போது டக் டக் டக்குன்னு சுத்தியல்ல அடிக்கிற மாதிரி சத்தம், கண்ணாடில பாத்தா பின்னாடி வர்ற லாரியே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணிட்டேன். ராத்திரி எட்டரை மணி, அந்த மேட்டுல குளிர் எப்படி இருக்கும்னு என்3 ஹைவேல போனவங்களுக்குத் தெரியும், சம்சாரம் சேலை முந்தானையை தலைல சுத்திக்கிட்டு வாழை இலை கட்டு பக்கத்துல உக்காந்திருந்தா. சீமந்தத்துக்கு நாங்க போகல. அந்த கணக்கை எந்த க்ளெய்ம் ஃபார்ம்ல எழுதறதுன்னு எனக்குத் தெரியல, அதனால அதை விட்டுடறேன்.

டோ பண்ணி உங்ககிட்ட கொண்டு வந்தா, பிரிச்சு பாத்தாதான் சொல்ல முடியும், க்ளெய்ம் பாஸ் ஆகலன்னா பிரிச்ச கூலி நீங்கதான் கட்டணும்னு ஒரு பேப்பர். 9,800 ரேண்ட்னு போட்டிருந்தது, கையெழுத்து போட்டேன். பன்னெண்டு நாள் கழிச்சு ரெண்டு பாரா லெட்டர் வருது: கம்பெனி ஃபில்டர் இல்ல, அதனால தூசி உள்ள போய் எஞ்சின் கெட்டுடுச்சு, அதனால எஞ்சின் வாரண்டி ரத்து, எஞ்சினோட உள்பாகம் மொத்தமா, அதாவது சப்அசெம்பிளி, புதுசா போட 148,000 ரேண்ட். கூடவே ஸ்ட்ரிப் பில்லு, அதாவது பிரிச்ச கூலி, அது 9,800 இல்ல, 13,400. கூடவே நாள் ஒண்ணுக்கு 150 ரேண்ட் யார்டு வாடகை. ஒரே கவர்ல மூணு அடி.

அண்ணே, நான் மெக்கானிக் இல்ல, காய்கறிக்காரன். ஆனா கண்ணு இருக்கு. உங்க சர்வீஸ் அட்வைசர் தம்பி நல்ல பையன், நான் கேட்டதும் உள்ள கூட்டிட்டுப் போய் காட்டினாரு, நான் போன்ல போட்டோ எடுத்தேன், அவரு தடுக்கல (அதுக்காக அவரை ஒண்ணும் சொல்லாதீங்க). ஹெட் கழட்டி நாலு பிஸ்டனும் தெரியுது. ஒண்ணாவது, ரெண்டாவது, நாலாவது பிஸ்டனெல்லாம் நல்லாருக்கு, கரி படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். மூணாவது மட்டும் ஓரத்துல மெழுகுவர்த்தி மாதிரி உருகி வழிஞ்சு கிடக்கு. இப்ப சொல்லுங்க. நாலு சிலிண்டருக்கும் காத்து போறது ஒரே ஃபில்டர் வழியா, ஒரே டர்போ வழியா, ஒரே மேனிஃபோல்டு வழியா. அந்த தூசிக்கு அட்ரஸ் எழுதி மூணாவது வீட்டுக்கு மட்டும்னு யாரு அனுப்பினது?

மாமாகிட்ட போட்டோவை காட்டினேன். அவரு முப்பது வருஷமா டீசல் எஞ்சின்லயே கிடக்குறவரு, பாத்த உடனே சொன்னாரு, தூசி தின்ன எஞ்சின் இப்படி இருக்காதுடா, தூசின்னா பிஸ்டன் உருகாது, தேயும். சிலிண்டர் சுவத்துல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கோடு போட்டிருப்பாங்க, எண்ணெய் தங்கறதுக்கு, தூசி போனா அந்தக் கோடெல்லாம் அழிஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும், ரிங் தேஞ்சு போகும், எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், முதல்ல டர்போ ஃபேனோட இறக்கை நுனிதான் அரிச்சு போகும் ஏன்னா தூசி முதல்ல மோதுறது அங்கதான். என் போட்டோல கோடு நாலு சிலிண்டர்லயும் பளிச்சுன்னு இருக்கு, டர்போ இறக்கை நுனி கூர்மையா இருக்கு. ஃபில்டர் டப்பாவோட உள்பக்கத்தை, அதாவது சுத்தமான காத்து போற பக்கத்தை, நான் வெள்ளை டிஷ்யூ வச்சு துடைச்சேன், டிஷ்யூ வெள்ளையாவே வந்துது, உங்க அட்வைசர் தம்பி பக்கத்துல நின்னு பாத்தாரு. ஃபில்டர் அடைச்சு காத்து பத்தாம போயிருந்தா? அப்ப கறுப்புப் புகை வரணும், இழுவை குறையணும், நாலு சிலிண்டரும் சேர்ந்து கஷ்டப்படணும். எனக்கு வந்தது வெள்ளைப் புகை.

ஒத்த பிஸ்டன் உருகுதுன்னா அந்த சிலிண்டரோட இன்ஜெக்டரைத்தான் முதல்ல சந்தேகப்படணும்னு மாமா சொல்றாரு. இன்ஜெக்டர் பனி மாதிரி டீசலை தெளிக்கணும். அது மூடாம மாட்டிக்கிச்சுன்னா குழாய் மாதிரி ஒழுகும், ஒழுகுன டீசல் பிஸ்டன் தலை மேலயே எரியும், அப்ப பிஸ்டனோட அலுமினியம் உருகாம என்ன பண்ணும். அந்த நாலு இன்ஜெக்டரையும் கழட்டி பம்ப், இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ற ஒரு டீசல் பம்ப் ரூம்ல பெஞ்ச்ல மாட்டினா அரை நாள்ல தெரிஞ்சிடும் எது ஒழுகுதுன்னு. நீங்க அதை பண்ணல. நான் கேட்டேன், தேவையில்ல, காரணம் ஏற்கனவே கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னாங்க. எஞ்சினுக்கு அடியில சம்ப்ல இருக்குற எண்ணெயில இருந்து சின்ன பாட்டில் சாம்பிள் கேட்டேன், லேப்ல குடுத்தா சிலிக்கான் எவ்வளவு இருக்குன்னு சொல்லிடுவாங்க, சிலிக்கான் அதிகமா இருந்தா பெரும்பாலும் மண்ணு தூசிதான். கம்பெனி பாலிசி, தர முடியாதுன்னாங்க. தூசின்னு எழுதினவங்க தூசி இருக்கான்னு டெஸ்ட் பண்ணல, என்னையும் பண்ண விடல.

அது கூட பரவால்ல, இன்னொண்ணு சொல்றேன், இதை எழுதும்போதுதான் எனக்கு நிஜமாவே கோபம் வருது. 60,000 சர்வீஸுக்கு உங்ககிட்ட விடும்போது நான் ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுத்தேன். காலைல மார்க்கெட்டுக்கு கிளம்ப மூணரை மணிக்கு ஸ்டார்ட் பண்ணா ரெண்டு மூணு நிமிஷம் டக் டக்குன்னு ஒரு சத்தம், லேசா வெள்ளைப் புகை, சூடான அப்புறம் சரியாயிடுது. உங்க ஜாப் கார்டுலயே இருக்கு, உங்க ஆளோட கையெழுத்துலயே இருக்கு. பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? டீசலுக்கு இது நார்மல், கஸ்டமர் கவனிச்சுக்கணும். நான் கவனிச்சேன்ணே, வான் ரீனன்ஸ்ல வச்சு நல்லாவே கவனிச்சேன். அன்னிக்கு வண்டில இருந்தது உங்க ஃபில்டர், உங்க எண்ணெய், உங்க மெக்கானிக். ஆஃப்டர்மார்க்கெட் ஃபில்டர் வந்தது அதுக்கு அப்புறம் 20,000 கிலோமீட்டர் கழிச்சு. அப்ப அந்த சத்தத்துக்கும் புகைக்கும் எந்த ஃபில்டர் காரணம்?

லெட்டர் ரெண்டாவது பாராவுல போகிற போக்குல டோபாரையும் (டிரெய்லர் மாட்டுற கம்பி) கேனப்பியையும் (பின்னாடி மூடுற கூடு) "மாற்றங்கள்"னு சேர்த்திருக்கீங்க. வண்டி டெலிவரி இன்வாய்ஸை எடுத்துப் பாருங்க. ரெண்டையும் மாட்டி வித்தது நீங்கதான், ரெண்டும் உங்க கம்பெனி சாமான் இல்ல, அதுலயும் ஆஃப்டர்மார்க்கெட்னு நீங்களே டைப் பண்ணியிருக்கீங்க. உங்க கவுண்டர் வழியா வந்தா ஆக்சசரி, ஜேக்கப்ஸ் வழியா வந்தா மாடிஃபிகேஷனா.

ஒரு விஷயத்தை நான் ஒத்துக்கறேன். மட்டமான ஃபில்டர் போட்டு எஞ்சினை கொன்னவங்க நம்ம சாட்ஸ்வொர்த்லயே இருக்காங்க, சிப்பு போட்டு பவர் ஏத்தி ஞாயித்துக்கிழமை ஹிக்கின்சன் ஹைவேல காட்டுற பசங்க இருக்காங்க, அவங்க வந்து வாரண்டி கேட்டா நீங்க சந்தேகப்படறது நியாயம். என் வண்டில சிப்பு இல்ல, கம்ப்யூட்டரை மாட்டிப் பாருங்க, யாராவது சாஃப்ட்வேர்ல கை வச்சிருந்தா உங்க மெஷினுக்கே தெரியும். ஃபில்டர் சரியில்லாம இருந்து, அதனாலதான் கெட்டுதுன்னு நீங்க காட்டினா நான் வாயை மூடிட்டு மாமாகிட்ட போய் நிக்கறேன், அவரு வொர்க்ஷாப்புக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, வேலை தொடங்கும் முன்னாடியே அதை சொல்லித்தான் தொடங்கினாரு. உங்க ஆளு போன்ல அவரை பேக்யார்ட் மெக்கானிக்னு சொன்னாரு, அதை நான் அவருகிட்ட சொல்லல.

அடுத்து டீசல் சரியில்லன்னு சொல்லப்போறீங்கன்னு மாமா சொல்றாரு. இந்த நாட்டுல டீசல்ல பாராஃபின் கலக்குறாங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதனால அதையும் முன்கூட்டியே சொல்லிடறேன்: டேங்க்ல இன்னும் முக்கால்வாசி டீசல் இருக்கு, சாம்பிள் எடுங்க, ரெண்டு பாட்டில் எடுத்து சீல் வச்சு ஒண்ணு எனக்கு குடுங்க. கடைசி ஆறு மாசம் போட்ட டீசலுக்கு ஸ்லிப் அத்தனையும் பிஸ்கட் டின்ல இருக்கு, சம்சாரத்தோட பழக்கம், இவ்வளவு நாள் அதுக்காக அவளை கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்.

சட்டம் பேசறது எனக்கு பழக்கம் இல்ல, ஆனா 37 நாள்ல படிக்க வேண்டியதாப் போச்சு. வியாபாரத்துல போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற காம்படிஷன் கமிஷன், ஆட்டோ ஆஃப்டர்மார்க்கெட்டுக்குன்னு ஒரு வழிகாட்டி 2020 டிசம்பர்ல வெளியிட்டு, 2021 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்தாச்சு. வாரண்டி காலத்துலயே வெளி வொர்க்ஷாப்ல சர்வீஸ் பண்ணலாம், கம்பெனி பெட்டியில வராத பார்ட்டும் போடலாம், அதுக்காகவே மொத்த வாரண்டியையும் தூக்கி எறியக் கூடாது, அந்த வேலையாலயோ அந்த பார்ட்டாலயோதான் சேதம்னா அந்தப் பொறுப்பு வேற, அதை பரிசோதிச்சுப் பாக்கணும். நான் வண்டி எடுத்தது 2022. உங்க வாரண்டி ஆபீஸ்ல ஒருத்தர் அது வெறும் வழிகாட்டி, சட்டம் இல்லன்னு சொன்னாரு. சரி, வழிகாட்டிதான். உங்க வாரண்டி புக்கையே எடுத்துக்குவோம், அதுலயும் வேற பார்ட் போட்டாலே வாரண்டி போச்சுன்னு இல்ல, வேற பார்ட்டால *ஏற்பட்ட* சேதத்துக்கு வாரண்டி இல்லன்னுதான் இருக்கு. அந்த ஒரு வார்த்தைலதான் என் 148,000 ரேண்ட் தொங்கிட்டு இருக்கு, அதை தாண்டி குதிச்சு போயிட்டீங்க.

கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட், 2008ல வந்தது, அதுல ஆறு மாச உத்தரவாதம் எனக்கு செல்லாதுன்னு எனக்கே தெரியும், அந்த காலம் தாண்டிடுச்சு, அதை நான் கேக்கவும் இல்ல. ஆனா அதே சட்டத்துல 15வது பிரிவு, எஸ்டிமேட் குடுத்துட்டு அதுக்கு மேல வாங்கணும்னா என்கிட்ட சொல்லி நான் சம்மதிச்சிருக்கணும். 9,800க்கும் 13,400க்கும் நடுவுல எனக்கு ஒரு போன் கூட வரல. 67வது பிரிவு, கழட்டின பார்ட்டை தனியா வச்சு என்கிட்ட திருப்பிக் குடுக்கணும். அந்த பிஸ்டனும் நாலு இன்ஜெக்டரும்தான் எனக்கு சாட்சி, அது ஸ்கிராப் டப்பாவுக்கு போயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல, வேடிக்கை இல்ல.

சின்ன க்ளெய்ம் கோர்ட்டுக்கு போகலாம்னு பாத்தா அங்க 20,000 ரேண்ட் வரைக்கும்தான். வக்கீல் வச்சு பெரிய கோர்ட்டுக்கு போனா எஞ்சின் செலவை விட வக்கீல் செலவு ஜாஸ்தி. இதை நீங்களும் கணக்கு போட்டு வச்சிருப்பீங்க, நான் மட்டுமா போட்டிருப்பேன்.

இதுக்கு நடுவுல பேங்குக்கு மாசம் 7,200 போயிட்டுதான் இருக்கு, ஓடாத வண்டிக்கு, கடைசில மொத்தமா கட்ட வேண்டிய பலூன் பேமெண்ட் வேற வாய பொளந்துக்கிட்டு காத்துட்டு இருக்கு. வெள்ளி, சனி எங்க சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு சரக்கு கொண்டு போக பக்கத்து தெருக்காரர் பக்கியை நாளுக்கு 650 குடுத்து எடுக்கறேன், அவருக்கு வேலை இருந்தா அன்னிக்கு எனக்கு கடை இல்ல. போன வாரம் க்ளேர்வுட் மார்க்கெட்ல இருந்து ரெண்டு ட்ரிப் அடிக்க வேண்டிய இடத்துல ஒரே ட்ரிப், கீரை எடுக்க முடியல, கீரைக்குன்னே வர்ற ஆயாமாருங்க பாத்துட்டு பக்கத்து டேபிளுக்கு போயிட்டாங்க. எங்க தாத்தா கரும்புத் தோட்டத்துல இருந்து வெளிய வந்து கூடையில வச்சு வித்தாரு, நான் வண்டி வச்சுக்கிட்டு திரும்ப கூடைக்கு வந்திருக்கேன்.

இப்ப எனக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லிடறேன், அப்புறம் புரியலன்னு சொல்லக்கூடாது.

நாலு இன்ஜெக்டரையும் உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஒரு டீசல் பம்ப் ரூம்ல, நான் கூட நிக்கும்போது, பெஞ்ச் டெஸ்ட் பண்ணணும். இன்ஜெக்டர் சரியா இருந்தா அந்த டெஸ்ட் காசு நான் கட்டறேன், ஒழுகுச்சுன்னா நீங்க கட்டுங்க. எண்ணெய் சாம்பிளும் டீசல் சாம்பிளும் அதே மாதிரி லேபுக்கு போகணும், ரிசல்ட் ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் வரணும். வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குற பழைய ஃபால்ட் கோடு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைச்சுதுன்னு காட்டுற கரெக்‌ஷன் வேல்யூ, 60,000 சர்வீஸ்ல மெஷின் மாட்டியிருந்தா அப்ப எடுத்த பிரிண்ட்டும் சேர்த்து, எனக்கு வேணும்.

அது வந்த பிறகு க்ளெய்மை திரும்பப் பாருங்க, அப்பவும் இல்லன்னுதான் சொல்லப்போறீங்கன்னா எந்த பார்ட், எப்படி, எந்த வழியா மூணாவது பிஸ்டனை மட்டும் உருக்குச்சுன்னு டெக்னிக்கல் ஆள் ஒருத்தர் பேர் போட்டு கையெழுத்து வச்சு எழுதிக் குடுக்கணும். ரெண்டு பாரா காப்பி பேஸ்ட் செல்லாது. ஸ்ட்ரிப் பில்லு 9,800க்கு மேல ஒரு சென்ட் தர மாட்டேன், அதுவும் க்ளெய்ம் முடிவாகற வரைக்கும் தர மாட்டேன். யார்டு வாடகையை ரத்து பண்ணுங்க, வண்டி அங்க நிக்கறது என் ஆசைக்காக இல்ல.

இன்னிலருந்து 14 நாள் பாப்பேன். அதுக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா வண்டி தகராறை விசாரிக்கிற மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மன்கிட்ட ஃபைல் போகும், ஜாப் கார்டு, இன்வாய்ஸ், போட்டோ, மாமாவோட ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைல்ல ரெடியா இருக்கு, பொண்ணுதான் லெனேசியால இருந்தபடியே ஏழு மாச வயித்தோட உக்காந்து ஸ்கேன் பண்ணி குடுத்தா. காம்படிஷன் கமிஷனுக்கும் ஒரு காப்பி போகும்.

கடைசியா, இதுக்கு 14 நாள் வேணாம், இன்னிக்கே பண்ணலாம். நேத்து வேலி வழியா எட்டிப் பாத்தேன், பானெட் தொறந்து கிடக்கு, ஹெட் இல்லாம நாலு சிலிண்டரும் வானத்தை பாத்துட்டு இருக்கு, பக்கத்து ப்ளாட்ல புல்டோசர் மண்ணு தள்ளிட்டு இருக்கு. ஒரு தார்ப்பாய் போட்டு மூடி வைங்கண்ணே. நாளைக்கு அந்த சிலிண்டர்ல தூசி இருக்குன்னு நீங்க போட்டோ எடுத்து அனுப்பினா, அது எந்த தூசின்னு யாரு சொல்றது.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் காய்கறிக்காரன், உங்க யார்டுல கேட்டுக்கு பக்கத்துல நிக்கிற வெள்ளை பக்கிக்கு சொந்தக்காரன்